நானூறு பைட்டில் ஒரு முகம்

"ஏன் தாயி, உங்க பக்கத்துல எல்லாரும் ஒரே சாடையா இருக்காவ? எல்லாரும் ஒரு வயித்துலயா பொறந்தாவ?"

மங்கையர்க்கரசிக்கு அன்று காலை வந்த நாலாவது போன் அது. 'சுழலி' புயல் கரையைக் கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கடலோரத்தில் பெயர் தெரியாமல் கிடைத்த எண்ணூற்று ஐம்பத்திரண்டு உடல்களின் முகங்களையும் 'தேடல்' என்ற இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சொந்தக்காரர்கள் வந்து வாங்கிப் போயாயிற்று. மிச்சம் அறுநூற்று நாற்பது.

அந்தப் பக்கத்தை அரசுக்காகச் செய்து கொடுத்தது சோழிங்கநல்லூரில் ஏழாவது மாடியில் இருந்த ஒரு கம்பெனி. அதில் படங்கள் அரசியின் பொறுப்பு. எந்தப் படம் எந்த வகையில் போனால் பக்கம் வேகமாகத் திறக்கும் என்று முடிவு செய்பவள் அவள்தான். புயலுக்குப் பிறகு ஆபீசில் ஒரு ஏற்பாடு வந்திருந்தது. பக்கத்தைச் செய்தவர்களே தினம் பத்து உதவி போன் எடுக்க வேண்டும்.

"உங்க பேர் சொல்லுங்கக்கா."

"பிலோமினா. சிப்பித்துறை. தம்பியத் தேடுதேன், ரெமிஜியூஸ். மூணு நாளா அத்தன முகத்தையும் நாலு சுத்து பாத்துட்டேன். எல்லாருக்கும் அளவெடுத்து வச்ச மூக்கு. கடலுக்குப் போறவனுக்கு எங்கயாவது இம்புட்டு வழவழன்னு கன்னம் இருக்குமா?"

"தம்பிக்கு அடையாளம் ஏதாவது?"

"எடது புருவம் ரெண்டா நிக்கும். பத்து வயசுல தூண்டி முள்ளு மாட்டி இழுத்துட்டு. நடுவுல முடியே மொளைக்கல. பிஞ்ச புருவக்காரன் ஒருத்தன்கூட உங்க பக்கத்துல இல்லயே!"

அரசி எழுதிக்கொண்டாள். நேரில் போய்ப் பார்க்கலாமே என்று சொல்ல முடியாது. இணையப் பக்கத்தில் முகத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னால்தான் பிணவறை வாசலையே திறப்பார்கள். டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மிச்சம் பேரை எல்லாம் ஒரே குழியில வைக்கப் போறாவளாமே?" பிலோமினாவின் குரல் இப்போது தணிந்திருந்தது. "அம்மா கல்லறைக்குப் பக்கத்துல அவனுக்கு இடம் கேட்டு வச்சிருக்கேன். உயிரோட வேணும்னு நான் கேக்கல. அவன் பேர் தெரியாத பொணமா போயிரக் கூடாது. அவ்வளவுதான்."

"பார்த்துட்டு நானே கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு, கேமராவில் எடுத்த மூலப் படங்கள் இருக்கும் இடத்தை அரசி முதல்முறையாகத் திறந்தாள். எண் ஒன்று. ஐம்பது வயது ஆள், அம்மைத் தழும்பு, ஒரு பக்கம் வளைந்த மூக்கு. இணையப் பக்கத்தில் இருந்த எண் ஒன்றைப் பார்த்தாள். தழும்பு இல்லை. மூக்கு நேராக இருந்தது. எண் இரண்டு, கிழவி. காது கிழிந்து தொங்கியது. பக்கத்தில் காது முழுசாக இருந்தது. எண் மூன்று, எண் நான்கு. இருபதாவது படத்தில் நிறுத்தினாள்.

"என்னடி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு?" பக்கத்து இருக்கை ஷமீமா எட்டிப் பார்த்தாள். சர்வர்கள் அவள் வசம். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

அரசி இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினாள்.

ஷமீமா நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "இது யாரு, அது யாரு?"

"ரெண்டும் ஒரே ஆள். இது கேமரா எடுத்தது. அது நாம படம் அனுப்பற 'மின்னல்' வகை வரைஞ்சது."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் சர்வர்காரி."

"ஜேபெக் தெரியுமில்ல? படத்தையே அமுக்கிச் சுருக்கி அனுப்பும். கொஞ்சம் கசங்கும், ஆனா அதே துணிதான். மின்னல் துணியை அனுப்பறதே இல்ல. 'ஆண், முப்பது வயசு, வட்ட முகம், மீசை உண்டு'ன்னு நானூறு பைட்டுல ஒரு சீட்டு எழுதி அனுப்பும். போனுக்குள்ள ஒரு ஓவியன் உட்கார்ந்திருக்கான்னு வச்சுக்க. சீட்டைப் படிச்சு அவன் வரைஞ்சுடுவான். அதனாலதான் பக்கம் கால் நொடியில வருது."

"சீட்டுல புருவம் பிஞ்சிருக்குன்னு எழுதலைன்னா?"

"முழுப் புருவம் வரைவான். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் முழுப் புருவம்தான்."

"நீதானே இதைச் சோதிச்சு ஓகே பண்ணே? நூத்துக்குத் தொண்ணூத்தி எட்டு ஒத்துப்போகுதுன்னு கேக் எல்லாம் வெட்டினோமே. யார் படத்தை வச்சுச் சோதிச்சே?"

"நம்ம ஆபீஸ் ஐ.டி. கார்டு படம். இருநூறு பேர்."

"சரி, அதுல என்ன?"

"அதே இருநூறு படத்தை அதுக்கு முந்தின மாசம் மின்னல் கம்பெனிக்காரங்க மாதிரிக்கு வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க. நான்தான் அனுப்பி வச்சேன்."

"அடிப்பாவி! வினாத்தாளை முன்னாடியே கொடுத்துட்டு பரீட்சை வச்சிருக்கியா?"

"ஆமா. அந்த ஓவியன் நம்ம எல்லாரையும் ஏற்கெனவே பார்த்திருக்கான். சிப்பித்துறை ஆளுங்களைப் பார்த்ததே இல்ல."

தலையில் அடித்துக்கொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை. பத்தரை மணி ஆகியிருந்தது. வேறு எந்த வகையில் படத்தை அனுப்பலாம் என்று வரிசையாகப் பார்த்தாள். ஏவிஃப் நன்றாகச் சுருங்கும், வெப்-பி பரவாயில்லை. ஆனால் முகாம்களில் இலவசமாகக் கொடுத்த போன்களுக்குத் திறக்கத் தெரிந்தது இரண்டே வகை. ஒன்று மின்னல். இன்னொன்று ஜேபெக், ஐம்பது வருடத்துக் கிழம். கிழத்தையே எடுத்தாள். தழும்பும் மச்சமும் தெரிகிற அளவுக்குச் சுருக்கினால் ஒரு முகம் தொண்ணூறாயிரம் பைட். ஒரு திரைக்கு இருபத்து நாலு முகம். புயல் பகுதியில் பிழைத்திருந்த டவர்களின் வேகத்துக்குக் கணக்குப் போட்டாள். இருபத்திரண்டு நொடி!

மேலாளர் ரகோத்தமன் அதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். "ஜேபெக்கா? எந்த மியூசியத்துல இருந்து தூக்கிட்டு வந்தே? நொடி விதின்னு ஒண்ணு மூணு வருஷமா இருக்கே, மறந்துட்டியா? ஒரு நொடி தாண்டின பக்கத்தை டவர் வரிசையில கடைசியில தள்ளிடும். அப்புறம் இருபத்திரண்டு நொடி இல்லம்மா, இருபத்திரண்டு நிமிஷம்."

"சார், படம் பொய்யா இருக்கு. ஒவ்வொரு முகமும் பொய்."

"மூணு நொடிக்கு மேல எவனும் காத்திருக்க மாட்டான். நீயே பசங்களுக்கு கிளாஸ் எடுத்திருக்கே."

"அது செருப்பு வாங்க வர்றவங்களுக்கு, சார். தம்பி பிணத்தைத் தேடறவங்களுக்கு இல்ல."

ரகோத்தமன் சிரிப்பை நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. புயல் வந்த நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் ஆபீசிலேயே சட்டை மாற்றிக்கொள்பவர். "சரி, இப்படிச் செய். மின்னல் அப்படியே இருக்கட்டும். முகத்தைத் தொட்டா மூலப் படம் வர்ற மாதிரி வை."

"யாரு தொடுவா? முழுசா, தெளிவா ஒரு முகம் கண்ணு முன்னால நிக்குது. 'இது நம்ம ஆள் இல்ல'ன்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க. அப்படித்தானே ஒன்பது நாளா தள்ளிட்டுப் போயிருக்காங்க? ஜேபெக்ல முதல்ல மங்கலா வரும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தெளியும். அந்த மங்கல் பொய் இல்ல சார். இன்னும் தெரியலைன்னு ஒத்துக்குது. மின்னலுக்குத் தெரியலைன்னு சொல்லவே தெரியாது."

"வசனம் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அடக்கம் முடியட்டும். அடுத்த வாரம் உட்கார்ந்து பேசலாம்."

"அடுத்த வாரம் யாரைத் தோண்டி எடுத்துப் பேசறது?"

"அரசி! படத்துல கை வைக்காதே. இது உத்தரவு."

இருக்கைக்குத் திரும்பி, சோதனைக்கு வைத்திருந்த முகாம் போனை எடுத்து 'தேடல்' பக்கத்தைத் திறந்தாள். ஆபீஸ் இணைப்பின் வேகத்தில் கால் நொடியில் பளிச்சென்று வந்து நின்றது. எல்லா அரசுப் பக்கத்துக்கும் உள்ள வழக்கப்படி மேலே ஒரு பட்டை. துறை அமைச்சரும் அதிகாரிகளும் கைகூப்பி நின்றார்கள். அதன் கீழே பிணங்கள்.

அமைச்சரின் மூக்கில் ஒரு மரு இருந்தது.

அரசி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். மரு மட்டுமில்லை. காதோர நரை, இடது மீசையில் ஒரு சின்ன வெட்டு, எல்லாம் தெரிந்தன.

"ஷமீமா, இந்தப் பட்டை மின்னல்ல இல்லையா?"

"இது விலக்குப் பட்டியல் ஆச்சே, உனக்குத் தெரியாதா? நீ அப்ப லீவுல இருந்தே. முதல்ல அமைச்சர் படத்தையும் மின்னல்லதான் போட்டோம். மரு காணாமப் போச்சு, மீசை வேற யாருதோ ஆயிடுச்சு. 'யாருய்யா இந்த ஆளு?'ன்னு அவரே கேட்டாராம். அன்னைக்கே உத்தரவு வந்துடுச்சு. 'பிரமுகர்'னு ஒரு கோப்புறை. அதுல இருக்கற படத்தை மின்னல் தொடாது, நொடி விதி எண்ணாது, டவர் முதல் வரிசையில அனுப்பும்."

"உத்தரவுல யாரு கையெழுத்து போட்டது?"

"ரகோத்தமன் சார்தான்."

ஆக, தெரிந்திருக்கிறது. மின்னல் முகத்தை மாற்றும் என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரிந்திருக்கிறது. ஒரு மீசைக்காக ஒரே நாளில் விதி வளைந்திருக்கிறது. மிச்ச முகங்களுக்கும் அப்படித்தானே நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லை என்பதுதான் அரசிக்கு அதிகம் உறுத்தியது.

"அந்தக் கோப்புறையில எத்தனை படம் கொள்ளும்?"

"எத்தனை வேணும்னாலும் கொள்ளும். வரம்பே கிடையாது. பிரமுகருக்கு யாரு வரம்பு..." ஷமீமா பாதியில் நிறுத்தினாள். "ஏய். வேணாம்."

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"வேலை போயிடும்டி."

"எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்." ஷமீமா இருந்த இடத்திலேயே இரண்டு நிமிடம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காலால் உதைத்து அரசியின் நாற்காலியைத் தள்ளினாள். "நகரு. நீ ஒவ்வொண்ணா நகர்த்தினா சாயங்காலம் ஆயிடும்."

பதினொன்று நாற்பதுக்கு அறுநூற்று நாற்பது பேரும் பிரமுகர்கள் ஆனார்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மேலே இருந்த பட்டை மட்டும் பதினெட்டு லட்சம் பைட். அதை எடுத்தால் அந்த இடத்தில் இருபது முகம் போகும். அரசி யோசிக்கவே இல்லை. கைகூப்பி நின்றவர்களை எடுத்துவிட்டாள். முகங்கள் பக்கத்தின் உச்சிக்கு ஏறின.

பிறகு இருவரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தைத் திறந்தவர்கள் எந்த நொடியில் ஓடிப்போகிறார்கள் என்று காட்டும் கோடு அது. மூன்றாவது நொடியில் சரியும். பத்து வருட அனுபவத்தில் அரசி பார்த்த எல்லாப் பக்கத்திலும் அங்கேதான் சரிந்திருக்கிறது.

மூன்றாவது நொடி வந்தது. கோடு படுக்கையாகப் போனது. எட்டு, பன்னிரண்டு, பதினெட்டு. எங்கெங்கோ முகாம்களிலும் பள்ளிக்கூட வராந்தாக்களிலும் பல்லாயிரம் பேர் மங்கலான ஒரு திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டாவது நொடியிலும் கோடு சரியவில்லை.

"யாருமே போகலைடி," என்றாள் ஷமீமா.

மூன்று மணிக்குள் நூற்று நாற்பத்து மூன்று பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

மூன்றேகாலுக்கு பிலோமினா கூப்பிட்டாள். "இப்பத்தான் தாயி மனுசங்க மாதிரி இருக்காவ. எங்க ஊர்க்காரவ ரெண்டு பேரை நானே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டேன். ஆனா என் தம்பி இல்ல. மொத மொகத்துல இருந்து கடைசி மொகம் வரைக்கும் பாத்துட்டேன். அவன் இல்ல."

காலையில் எழுதிவைத்த அடையாளத்தை அரசி எடுத்துப் பார்த்தாள். இல்லையென்றால்? உடல் கிடைக்கவே இல்லையா? அல்லது...

"லைன்ல இருக்காதீங்கக்கா. நான் கூப்பிடறேன்."

ஏற்கெனவே ஒப்படைத்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் படங்கள் வேறு இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. ஷமீமா திறந்து கொடுத்தாள். எண் நூற்றுப் பதினேழில் இடது புருவம் இரண்டாக நின்றது. நடுவில் முடியே இல்லை.

ஆறு நாள் முன்னால் ஒப்படைத்திருக்கிறார்கள். வாங்கியவர் மாசிலாமணி, பண்ருட்டிக்குப் பக்கம். உறவு: மகன். பெயர்: பரணி. மின்னல் வரைந்திருந்த முகத்தைப் பார்த்து மகன் என்று சொல்லியிருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன பையன்.

அப்படியானால் உண்மையான பரணி எங்கே? அரசி நூற்றுப் பதினேழின் சீட்டை எடுத்து, பக்கத்தில் மிச்சமிருந்தவர்களின் சீட்டுகளோடு ஒப்பிடச் சொன்னாள். எண் நானூற்று இரண்டின் சீட்டு கிட்டத்தட்ட அதேதான். இரண்டு பேர், ஒரே சீட்டு. ஓவியன் இருவருக்கும் ஒரே முகத்தை வரைந்திருக்கிறான்.

நானூற்று இரண்டை நாளைக்கு ஐந்து மணிக்குக் குழியில் வைப்பார்கள்.

"அமைச்சர் படம் எங்க?"

ரகோத்தமன் பின்னால் வந்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. "துறையில இருந்து ஏழு போன் வந்தாச்சு. எவனும் பிணத்தைப் பத்திக் கேக்கல. பட்டையைத்தான் கேக்கறான்!" கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா டிவியில பாராட்டறாங்க. அதனால தப்பிச்சே. பக்கம் இப்படியே இருக்கட்டும். பட்டையை மட்டும் கீழ எங்கயாவது போட்டுடு. உத்தரவை மீறினதை நானும் மறந்துடறேன்." அப்போதுதான் அவர் கண் திரையில் விழுந்தது. "இது ஒப்படைச்ச லிஸ்ட் ஆச்சே. இதை ஏன் திறந்தே?"

அரசி சொன்னாள். ரகோத்தமன் ஒரு நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"மூடு," என்றார்.

"சார்..."

"நான் சொல்றதைக் கேளு. கம்பெனிக்காக மட்டும் சொல்லல. புதைச்சாச்சு. அழுது முடிச்சாச்சு. இப்ப அந்த வீட்டுக்குப் போன் பண்ணி, 'நீங்க புதைச்சது உங்க பிள்ளை இல்ல'ன்னு சொல்லப் போறியா? இருநூத்திப் பன்னிரண்டு வீடு. அவங்க நிம்மதியைக் கெடுக்க உனக்கு என்ன உரிமை இருக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் அரசிக்குப் பட்டது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் தானும் இல்லை, அவரும் இல்லை. மாசிலாமணியின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"யாரு?" வயதான குரல்.

"ஐயா, தேடல் பக்கத்துல இருந்து பேசறேன். உங்ககிட்ட ஒப்படைச்ச உடல்..."

"எங்க பரணி இல்ல. அதைத்தானே சொல்லப் போற?"

ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூட்டையா கட்டித்தான் குடுத்தாங்க. வீட்டுல குளிப்பாட்டும்போதே தெரிஞ்சு போச்சும்மா. எம்மவனுக்கு வலது கால்ல ஆறு விரலு. இந்தப் பையனுக்கு அஞ்சு. உடனே பிணவறைக்கு போன் போட்டேன். தேடல் பக்கத்துல பார்த்துட்டு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க, இனிமே மாத்த முடியாதுன்னுட்டாங்க. திருப்பிக் கொண்டுபோய் விட்டா குழியில தள்ளிடுவாங்க. எவன் பெத்த பிள்ளையோ, போகட்டும்னு நாங்களே செய்ய வேண்டியதைக் குறையில்லாம செஞ்சோம்."

"வீட்ல அம்மாவுக்கு..."

"அவதான் மொதல்ல கண்டுபிடிச்சா." ஒரு மூச்சு கேட்டது. "உங்களுக்கு தினம் போன் போடறேன். ஒப்படைச்ச கேசு, முடிஞ்சு போச்சுன்னு வச்சுடறாங்க. எதுவும் முடியலம்மா. அந்தப் பையனுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"அக்கா இருக்காங்க. தேடிட்டிருக்காங்க."

"வரச் சொல்லு. நாங்க நல்லபடியா வச்சிருக்கோம்னு சொல்லு. எங்க பையன் எங்க இருக்கான்?"

"எண் நானூத்தி ரெண்டா இருக்கலாம். கால் படமும் சேர்த்து அனுப்பறேன். வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும் ஐயா."

"ஆறு நாளா உக்காந்திருக்கேன். அனுப்பு."

பெரியவர் போனை வைத்துவிட்டார். அரசி பூட்டியிருந்த பட்டியலைத் தேர்ந்தெடுத்து, பிரமுகர் கோப்புறைக்கு இழுத்தாள். 'நகர்த்தவா?' என்று கேட்டு நின்றது திரை. ரகோத்தமன் எழுந்து விசைப்பலகையைப் பிடித்தார்.

"இது ஒரு வீடு, அரசி. மத்த இருநூத்திப் பதினோரு வீடும் இப்படியே பேசும்னு உனக்கு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல சார். திட்டுவாங்க, சாபம் விடுவாங்க. அவங்க பிள்ளை முகத்தை மாத்தினது நான். நான்தான் கேட்டுக்கணும்."

"இந்த விசையை அழுத்தினா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாது."

"வேலையை எடுத்துக்கங்க. கையை எடுங்க."

அவர் கையை எடுத்தார். எதனால் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அரசி அழுத்தினாள். இருநூற்றுப் பன்னிரண்டு முகங்கள் மங்கலாக வந்து, மெல்ல மெல்லத் தெளிந்தன.

முதலில் பிலோமினாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க தம்பி கிடைச்சுட்டாரு."

"எந்தப் பிணவறையில?"

"பிணவறையில இல்லக்கா. ஒரு வீட்டுல, தங்களோட பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சும் மகனுக்குச் செய்யற மாதிரி எல்லாம் செஞ்சு அடக்கம் பண்ணியிருக்காங்க. உங்களுக்காகக் காத்திட்டிருக்காங்க. பேரும் ஊரும் சொல்றேன், எழுதிக்குங்க."

"இரு தாயி, பேனா எடுத்துட்டு வாரேன்."

அவள் பேனா தேடி வருவதற்குள் உதவி போன் பலகையில் பதினோரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எல்லாம் ஏற்கெனவே உடலை வாங்கிப் போன வீடுகளின் எண்கள். அரசி பிலோமினாவுக்கு முகவரியை இரண்டு முறை நிதானமாகச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு முதல் விளக்கை அழுத்தினாள்.

"சொல்லுங்க. அந்தப் படத்தை மாத்தினது நான்தான்."